சத்தம் போடாத வீடு

பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் பூட்ஸ் மூட்டைகள் வந்து இறங்கும். போன வருடம் படிப்பு முடித்துப் போன பிள்ளைகள் கழற்றிக் கொடுத்தவை. ஜோடி ஜோடியாகக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று பேர். இடது கால் பூட்ஸ் இரண்டும் ஒன்றாகக் கட்டுப்பட்டுக் கிடப்பதும் உண்டு. கேடட் படையில் புதிதாகச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூட்டையைச் சுற்றி மொய்த்துக்கொண்டு காலுக்கு ஏற்ற பூட்ஸைத் தேடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கிடைத்த பூட்ஸுக்கு ஏற்றபடி காலைச் சரிசெய்துகொள்வார்கள். பெரிதாக இருந்தால் பழைய பேப்பர் திணிக்க வேண்டும். சிறிதாக இருந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். டிரில் மாஸ்டரிடம் போய் "சார், கடிக்குது" என்று சொன்னவர்கள் இரண்டாவது முறை சொன்னதில்லை.

டிரில் மாஸ்டர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஒரு முழங்கால் சரியாக மடங்காது. நடந்தால் தரையில் கோடு கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். புது வருடத்துக்கு அவர் வைத்திருக்கும் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான்.

"கமாண்ட் வந்தா கால் திரும்பணும். கமாண்ட் வராம கால் நிக்கக் கூடாது. முன்னால செவுரு இருக்கு, சாக்கடை இருக்குங்கறதெல்லாம் உன் கவலை இல்ல. அது கமாண்ட் குடுக்கிறவங்க கவலை. புரிஞ்சுதா?"

புதுப் பிள்ளைகள் இதை அப்படியே நம்புவார்கள். பழைய பிள்ளைகள் சாக்கடை வந்தால் தாண்டிக்கொள்வார்கள்.

அந்த வருடம் பெண்கள் பிரிவுக்கு ஸ்குவாட் லீடர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பதினோராம் வகுப்பில் இரண்டு பேர் போட்டியில் நின்றார்கள். ஒருத்தி நெட்டை. பெயர் வேறு, யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. வரிசையில் நின்றால் அவள் தலை மட்டும் தனியாகத் தெரியும். இன்னொருத்தி ஆட்டோக்காரர் மகள். அவளுடைய டிரில்லில் குற்றம் கண்டுபிடிக்க டிரில் மாஸ்டராலேயே முடியவில்லை. கை எவ்வளவு உயர வேண்டுமோ அவ்வளவுதான் உயரும். குதிகால் விழ வேண்டிய இடத்தில் விழும். சட்டையில் மடிப்பு கலையாது. எல்லாம் இருந்தும் முதல் பயிற்சியில், புதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அவள் முன்னால் நிறுத்தி "கமாண்ட் குடு" என்று மாஸ்டர் சொன்னபோது, அவள் வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை. முன் வரிசையில் இரண்டு பேர் மட்டும் திரும்பினார்கள், அதுவும் உதட்டைப் பார்த்துவிட்டு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அதற்குக் காரணம் அவள் வீட்டில் இருந்தது.

அம்மாவுக்கு ராத்திரி வேலை. கண்ணாடி பாட்டில் செய்கிற கம்பெனி. சூளையில் வெந்து ஆறிய பாட்டில்கள் வரிசையாக ஒரு வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீறல், குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் எட்டி எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். இந்தப் பக்கம் பாட்டிலோடு பாட்டில் உரசும் சத்தம், அந்தப் பக்கம் தொட்டியில் உடைகிற சத்தம், முதுகுக்குப் பின்னால் காற்றடிக்கும் மெஷின். பக்கத்தில் இருப்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். விடிந்த பிறகு கம்பெனி பஸ் கொண்டுவந்து விடும். பகலெல்லாம் தூக்கம்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை அம்மா அந்த வெளிச்சத்துக்கு முன்னாலேயே கண் அயர்ந்துவிட்டாள். கோணல் கழுத்துகள் ஒரு பெட்டி நிறைய அவளைத் தாண்டிப் போய்விட்டன. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். பகலில் இந்த வீட்டில் சத்தம் கூடாது. யாரிடமும் கலந்து பேசவில்லை, அம்மாவிடம்கூட.

அப்பாவுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் ரேடியோ என்று பெயர். சவாரி ஏறுகிறவர் இடம் சொல்லி முடிப்பதற்குள் இவர் பேச ஆரம்பித்துவிடுவார். இறங்கும்போது அவர்களுக்கு இவர் குடும்பத்தின் முழு வரலாறும் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதர் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் வாயையும் கழற்றி வைத்துவிடுவார். காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கிப் போட்டவர் அவர்தான். கதவுக் கீல்களுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுவார். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார். பாத்திரம் கழுவும் தொட்டியில் பழைய துண்டு விரித்திருக்கும். பாசம்தான். பாசம் இல்லாமல் யார் தெரு முழுக்க ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்?

மகள் பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுப்பில்தான். விழுந்து முட்டி பெயர்ந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற குழந்தையாக இருந்தாள். சிநேகிதிகள் ஒரு தடவை வந்தால் மறு தடவை வர மாட்டார்கள். அம்மாவுக்கு வார விடுமுறை வரும் நாளில்கூட யாரும் சத்தமாகப் பேசுவதில்லை; பழக்கம் அப்படி ஆகிவிட்டது. எதிர்வீட்டு டெய்லரம்மா, அங்கே யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விஷயம் தெரிந்து, "தங்கமான பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது" என்று மகளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தாள்.

முதல் பயிற்சி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ சாப்பிட வந்திருந்தார். உள் அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் மூச்சுக்காற்றில் நடந்தது.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"குரல் வரலப்பா."

"தொண்டை கட்டியிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. சத்தமா பேச எனக்குத் தெரியல. வாயைத் திறந்தா காத்துதான் வருது."

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"டிரில்லுக்கு நூத்துக்கு நூறாம். ஆனா நீ லீடரானா எல்லாருக்கும் கனவுல வந்து கமாண்ட் குடுப்பியான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அவர் கெடக்காரு. எப்ப திரும்பப் பாக்கறாராம்?"

"சனிக்கிழமை. அன்னிக்கும் வரலன்னா நெட்டைக்குத்தான்."

ரேடியோ ஒரு வாய் சாப்பாட்டை மென்று விழுங்கினார். "அவளுக்கே குடுக்கட்டுமே. ஒரு லீடர் வேலை இல்லன்னா நமக்கு என்ன குடியா முழுகிடப் போவுது?"

"எனக்கு வேணும்ப்பா."

"ஏன்?"

அவள் கயிற்றைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "கிளாஸ்ல உக்காந்திருக்கும்போதே ரெண்டு தடவை எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாங்க. உள்ளேன் டீச்சர்னு சொன்னேன். கேக்கல. பக்கத்துல இருந்தவகூட, நீ இன்னிக்கு வந்திருக்கியான்னு கேக்கறா. ஒரு தடவையாவது நான் சொல்லி நாலு பேரு திரும்பணும்ப்பா. அவ்வளவுதான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இருவரும் அப்படியே உறைந்துபோனார்கள். ரேடியோ கையில் பிசைந்த சோற்றோடு அசையாமல் இருந்தார். பிறகு அடங்கியது. அவர் தட்டை எடுத்துத் துண்டின்மேல் மெதுவாக வைத்துவிட்டு, வெளியே வா என்று தலையை ஆட்டினார்.

ஊருக்கு வெளியே பழைய லாரிகளைப் பிரித்துப் போடுகிற இடம் ஒன்று இருந்தது. தகரமும் துருவும் கிரீஸ் நாற்றமுமாக இருக்கும். வெயில் வேறு கொளுத்திக்கொண்டிருந்தது. ரேடியோ வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்க கத்து. யாரும் தூங்கல."

"என்னன்னு கத்தறது?"

"உங்க கமாண்டைத்தான். சமையல் குறிப்பா சொல்லப் போற?"

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் திரும்பிக்கொண்டார். பின்னால் எலி கத்தியது போல ஏதோ கேட்டது. அவர் சிரிக்கவில்லை, அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மறுபடியும் எலி. மறுபடியும். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தபோது, "ஸ்குவாட், அபௌட் டர்ன்" என்று ஒரு குரல் வந்தது. கணீரென்று வந்தது. யாருடைய குரல் என்று அவரே திரும்பிப் பார்த்தார். ஒரு லாரியின் அடியில் படுத்திருந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தன் நெஞ்சின்மேலேயே போட்டுக்கொண்டார்.

"யாரும்மா அது? படுத்திருக்கிறவன எப்படித் திரும்பச் சொல்ற?" என்று அடியிலிருந்து கேட்டார்.

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பும் சத்தமாகவே வந்தது. அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் ஆட்டோ அங்கேதான் போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் மெக்கானிக்குக்கு எல்லாக் கமாண்டும் மனப்பாடம்.

ரேடியோவால் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலைக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, கிசுகிசுப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா பின்னலைப் பாதியில் பிடித்தபடி கேட்டாள்.

"நம்ம பொண்ணா?"

"நம்ம பொண்ணுதான். மெக்கானிக்கைக் கேட்டுப் பாரு. நெஞ்சுல இன்னும் காயம் இருக்கு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு. ஏன்?"

"நான் வரேன். கம்பெனி பஸ்ல வந்து ஸ்கூல் முனையில இறங்கிக்கறேன்."

"வேணாம். ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வருவ. தூக்கம் கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும். இவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. பொறந்தப்ப அழுததோட சரி. எனக்குக் கேக்கணும்."

மகள் கதவோரம் நின்று இதைக் கேட்டாள். அன்று இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. லீடர் ஆவது ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மா கேட்க வேண்டும் என்பதே பெரிதாகிவிட்டது.

மைதானத்தின் ஒரு கோடியில் கொடிக்கம்பம். மறு கோடியில் சுண்ணாம்புக் கோடு. கோட்டைத் தாண்டினால் பக்கவாட்டு கேட். தண்ணீர் லாரி வருவதற்காகக் காலையில் திறந்து வைத்திருப்பார்கள். கேட்டுக்கு வெளியே சாலை. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. கண்ணெல்லாம் சிவந்து, டிபன் பையோடு வந்து நின்ற அம்மாவை டிரில் மாஸ்டர் அங்கே உட்கார வைத்தார். ரேடியோ கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, போகிற வருகிறவர்களிடம் உள்ளே நடக்கப் போவதை விளக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் நெட்டை. கொடிக்கம்பத்திலிருந்து கிளப்பி, கோடு வரை நடத்தி, அங்கே திருப்பி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. நெட்டையின் குரல் உடைந்த பானை மாதிரி இருந்தது; ஆனால் கேட்டது. புதுப் பிள்ளைகள் தப்பும் தவறுமாகத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் முகத்தில் பெரிய திருப்தி இல்லை.

அடுத்து மகள். கொடிக்கம்பத்தடியில் நின்று அவள் "ஸ்குவாட், அட்டென்ஷன்" என்றபோது பன்னிரண்டு பேரின் குதிகால்களும் ஒன்றாகச் சேர்ந்தன. மாஸ்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நெட்டை வாயைப் பிளந்தாள். "க்விக் மார்ச்." வரிசை கிளம்பியது. அவள் பக்கவாட்டில் நடந்தாள். தூரத்தில் பெஞ்சில் அம்மா தொட்டித் தூணில் சாய்ந்து நேராக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். இடது வலது, இடது வலது. கோடு நெருங்கியது. பெஞ்சும் நெருங்கியது.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

மடியில் டிபன் பை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, பின்னலிலிருந்து பிரிந்த முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. பூட்ஸ்கள் தடதடவென்று அவளைக் கை எட்டும் தூரத்தில் கடந்தன. அவள் அசையவில்லை. வரிசையின் முதல் கால் கோட்டில் பட்டது. கமாண்ட் கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

மகள் வாயைத் திறந்தாள். "அபௌட் டர்ன்," என்று மெல்ல, மிக மெல்ல, பதினாறு வருடமாகப் பழகிய குரலில் சொன்னாள்.

யாருக்கும் கேட்கவில்லை. புதுப் பிள்ளைகள் கமாண்ட் வராமல் கால் நிற்கக் கூடாது என்று கற்றவர்கள். கோட்டைத் தாண்டினார்கள். கேட்டைத் தாண்டினார்கள். கையை வீசிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பன்னிரண்டு பேரும் சாலையில் இறங்கினார்கள். காய்கறி வண்டிக்காரர் ஒதுங்கினார். ஒரு பஸ் பிரேக் போட்டு, பின்னால் வந்தவையெல்லாம் ஹாரன் அடித்தன. ரேடியோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு டிரில் மாஸ்டர் ஓடிவந்து "ஹால்ட்" என்று கத்தியதும், நடுச் சாலையில் மிக ஒழுங்காக நின்றார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்து சேர்த்த பிறகு மாஸ்டர் கோபப்படவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

"கோடு வந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்."

"முதல்ல குரல் நல்லா வந்துச்சே. அப்புறம் என்னாச்சு?"

அம்மா தூங்கினாங்க சார் என்று எப்படிச் சொல்வது? யாருக்குப் புரியும்? மாஸ்டர் லீடர் பட்டையை நெட்டையின் தோளில் குத்தினார். நெட்டைக்கே அதில் ஒப்புதல் இல்லை போல, தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாள்.

ஆட்டோவில் மூவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழக்கம்போலத் தெருமுனையில் இன்ஜின் நின்றது. ரேடியோ வண்டியைத் தள்ள, மகள் பின்னாலிருந்து கை கொடுத்தாள். வீட்டுக்குள் போனதும் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். ரேடியோ நிலைப்படியில்.

"ஏன் திருப்பாம விட்ட?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீ தூங்கிட்டிருந்த." கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். "நான் கத்தினா நீ முழிச்சிடுவ. வாய் தானா அடங்கிடுச்சு."

அம்மா டீயைக் கீழே வைத்தாள். "நான் எப்ப முழிச்சேன் தெரியுமா? பூட்ஸ் சத்தத்துல முழிக்கல. ஹாரன் சத்தம் அப்புறம்தான். யாரோ பக்கத்துல கிசுகிசுன்னு சொன்ன மாதிரி இருந்துது. அதுலதான் கண்ணைத் திறந்தேன். பாத்தா எல்லாம் கேட்டைத் தாண்டிப் போவுது."

ரேடியோ, "சரி விடு, அம்மா தூங்கட்டும்," என்று மகளுக்கு மெல்லச் சொன்னார்.

"இதான். இந்தக் கிசுகிசுதான்," என்றாள் அம்மா. "பாட்டில் உடையற சத்தத்துல உக்காந்து உக்காந்து பெரிய சத்தத்துக்கெல்லாம் எனக்குக் காது மரத்துப்போச்சுங்க. கம்பெனி பஸ்ல பாட்டு அலறும், அதுல எப்படித் தூங்கறேன்னு நினைக்கிறீங்க? சத்தம் இருந்தா எனக்குத் தாலாட்டு மாதிரி. வீட்டுக்கு வந்து படுத்தா ஒரே அமைதி, தூக்கம் வராது. அப்படியே கண்ணு சொருகினா உடனே ரெண்டு பேரும் குசுகுசுன்னு ஆரம்பிப்பீங்க. பட்டுனு முழிப்பு வந்துடும்."

"இத்தனை வருஷமாவா?" என்றார் ரேடியோ. அவர் குரல் எப்போது உயர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"இத்தனை வருஷமாத்தான். முழிச்சுக் கெடப்பேன். ஆரம்பத்துல என்னைப் பத்தித்தான் என்னமோ பேசிக்கறீங்கன்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் வீட்ல இல்லாதவ, அவகிட்ட என்ன சொல்றதுன்னு ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கறீங்கன்னு. அப்புறம் அதுவும் பழகிடுச்சு. இவ சுபாவமே அமைதின்னு நினைச்சுட்டேன். எனக்காகத்தான்னு யாரு சொன்னீங்க?"

ரேடியோ நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா சொல்லல?"

கேட்டது மகள்தான். லாரிகளுக்கு நடுவில் கேட்ட அதே குரல். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? விழுந்து முட்டி பெயர்ந்தப்பகூட வாயைப் பொத்திக்கிட்டு அழுதேனே. ஒருத்தி வீட்டுக்கு வர மாட்டா, இங்க வந்தா பேய் வீடு மாதிரி இருக்குன்னு. ஒரு பாட்டு வாயைத் திறந்து பாடினதில்ல. இருக்கும்போதே இல்லன்னு எழுதறாங்கம்மா என்னை. இன்னிக்கு அந்தப் பன்னெண்டு பேரும் எனக்காக நடந்தாங்க. நான் சொன்னா திரும்பியிருப்பாங்க. உனக்காகத்தான் வாயை மூடினேன். உனக்காக."

நிறுத்த முடியவில்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்தது. ஐந்தாம் வகுப்பில் நாடகத்தில் மரமாக நிற்க வைத்தது, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை உரக்கச் சொல்ல முடியாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தது, அப்பா வாயைத் திறக்காமல் கையை ஆட்டி ஆட்டி வளர்த்தது. கண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை. டெய்லரம்மா தெருவில் வந்து நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ரேடியோ யாரையும் தடுக்கவில்லை.

அவள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். அம்மா எப்போது சாய்ந்தாளோ தெரியவில்லை. முழங்கையை மடித்துத் தலைக்கு வைத்து, காலை நீட்டி, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் அப்படித் தூங்கி மகள் பார்த்ததில்லை.

அறை அமைதியானது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து டீ கிளாஸை எடுக்கப் போனாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள். "சொல்லு."